வேகத்தை ஒத்திவைத்த வேக வீரர்

டார்சான் என்றதும் நம்மில் பலருக்கு மரக்கொடியில் ஊஞ்சலாடும் ஒரு மனிதனும் காடே அதிரும் அந்தக் கூவலும் நினைவுக்கு வரும். நம் தலைமுறைக்கு டார்சான் ஒரு கார்ட்டூன் படம். நம் தாத்தா பாட்டிக்கோ, கறுப்பு வெள்ளைத் திரையில் ஆற்றில் குதித்து முதலையோடு மல்லுக்கட்டிய ஒரு நடிகர். அந்த நடிகரின் பெயர் ஜானி வைஸ்முல்லர்.

திரைக்கு வருவதற்கு முன் அவர் உலகின் ஆக வேகமான நீச்சல் வீரர். 100 மீட்டர் தூரத்தை ஒரு நிமிடத்துக்குள் நீந்திய முதல் மனிதர். 1924, 1928 ஒலிம்பிக் போட்டிகளில் மொத்தம் 5 தங்கப் பதக்கங்களை வென்றவர். இந்த விவரங்களெல்லாம் தேடினால் உடனே கிடைத்துவிடும். என்னை அவர் பக்கம் இழுத்தது வேறொரு செய்தி. 16 வயதில், வேகமாக நீந்தக்கூடிய பையன் என்று தெரிந்த பிறகும், அவருடைய பயிற்றுவிப்பாளர் அவரைப் பல மாதங்களுக்கு எந்தப் போட்டியிலும் இறங்க விடவில்லை. முதலில் முறை, பிறகுதான் வேகம் என்பது நிபந்தனை.

நான் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பள்ளியில் மற்றவர்களைப் போல நானும் நீச்சல் பாதுகாப்புப் பாடங்களைக் கற்றிருந்தேன். மிதக்கத் தெரியும், கரை சேரத் தெரியும். சென்ற ஆண்டு, கிரால் நீச்சலை முறையாகக் கற்கலாம் என்று நண்பர்கள் நால்வர் சேர்ந்து ஒரு வகுப்பில் பெயர் கொடுத்தோம். எதேச்சைப் பாணிப் போட்டிகளில் வீரர்கள் குப்புறப் படுத்து, கைகளை மாற்றி மாற்றி வீசி நீந்துகிறார்களே, அதுதான் கிரால். எதையும் நேரம் வைத்து, மதிப்பெண் போட்டுப் பார்த்தே பழகிய எங்களிடம், முதல் ஒரு மாதத்திற்கு யாரும் கடிகாரத்தைப் பார்க்கக்கூடாது என்றார் பயிற்றுவிப்பாளர். எங்கள் முகங்கள் போன போக்கைப் பார்த்துத்தான் அவர் வைஸ்முல்லரின் கதையைச் சுருக்கமாகச் சொன்னார். மீதியை நான் தேடிப் படித்தேன்.

சிகாகோ ஏரிக்கரைச் சிறுவன்

வைஸ்முல்லர் பிறந்தது 1904 ஜூன் 2ஆம் தேதி, ஃபிரைடோர்ஃப் என்ற ஊரில். அன்று அது ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசைச் சேர்ந்தது. இன்று ருமேனியாவில், திமிஷ்வாரா நகரின் ஒரு பகுதி. வீட்டில் பேசிய மொழி ஜெர்மன். குழந்தைக்கு ஏழு மாதம் ஆனபோது பெற்றோர் கப்பலேறி அமெரிக்கா வந்தனர். முதலில் பென்சில்வேனியா மாநிலத்தில் விண்ட்பர் என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில் குடியேறினர். தம்பி பீட்டர் அங்குதான் பிறந்தார். பிறகு குடும்பம் சிகாகோவுக்கு இடம் மாறியது.

ஒன்பது வயதில் ஜானிக்குப் போலியோ வந்ததாகவும், உடல் தேறுவதற்காக மருத்துவர் நீச்சலைப் பரிந்துரைத்ததாகவும் அவரைப் பற்றிய குறிப்புகள் சொல்கின்றன. சிகாகோவின் கிழக்கு எல்லையாக மிச்சிகன் ஏரி கடல்போல் விரிந்து கிடக்கிறது. ஏழைக் குடியேறிகளின் பிள்ளைகளுக்குக் காசில்லாமல் கிடைத்த விளையாட்டுத் திடல் அந்த ஏரிதான். அண்ணனும் தம்பியும் அங்கே நீந்தி வளர்ந்தார்கள். குடும்பத்தில் பணம் போதவில்லை. பதின்ம வயதிலேயே ஜானி பள்ளியை விட்டுவிட்டு ஹோட்டலில் பெட்டி தூக்கும் பையனாகவும் லிஃப்ட் இயக்குபவராகவும் வேலை பார்த்தார்.

நம் வயதில், நம்மைவிட இளைய வயதில், படிப்பை விட்ட ஒரு பையன். கையில் இருந்த ஒரே சொத்து, தண்ணீரில் அவனுக்கு இருந்த பழக்கம். அந்தச் சொத்தையும் பிரித்துப் போட்டு மறுபடி கட்ட வேண்டும் என்று ஒருவர் சொன்னால் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன்.

பல கைகள் மாறி வந்த நீச்சல்

அவர் கற்றது என்ன என்பதைப் புரிந்துகொள்ள, கிரால் நீச்சல் எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும்.

19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியர்கள் பெரும்பாலும் தவளையைப் போல் கைகால்களை விரித்து நெஞ்சு நீச்சலில்தான் நீந்தினர். 1844ல் வட அமெரிக்கப் பழங்குடியினர் இருவர் லண்டனில் கைகளை நீருக்கு மேலே சுழற்றி, கால்களை மாறி மாறி உதைத்து நீந்திக் காட்டினர். அவர்கள் வேகமாகத்தான் சென்றார்கள். ஆனால், பார்த்தவர்களுக்குப் பிடிக்கவில்லை. தண்ணீரை இப்படி அடித்துத் தெறிக்கவிடுவது நாகரிகமில்லை என்று ஒதுக்கிவிட்டனர்.

1873ல் ஜான் டிரட்ஜன் என்பவர் கைகளை மேலே வீசும் முறையை இங்கிலாந்தில் பரப்பினார். அவருடைய கால்கள் மட்டும் கத்தரிக்கோல் போல அகன்று மூடின. பிறகு, சாலமன் தீவுகளில் பிறந்த அலிக் விக்கம் என்ற சிறுவர் சிட்னியில் கால்களை மேலும் கீழும் உதைத்து நீந்தியது ஆஸ்திரேலியர்களின் கவனத்தை ஈர்த்தது. அங்கு நீச்சலுக்குப் பெயர்பெற்ற கேவில் குடும்பத்தினர் அந்த முறையைப் போட்டிகளுக்குக் கொண்டுபோயினர். ஹவாயியில் டியூக் கஹானமோக்கு, தீவுவாசிகளின் வேகமான கால் உதைப்போடு நீந்தி 1912, 1920 ஒலிம்பிக் போட்டிகளில் 100 மீட்டர் தங்கத்தை வென்றார்.

ஆக, நாகரிகமற்றது என்று ஒரு காலத்தில் ஒதுக்கப்பட்ட நீச்சல்தான் இன்று உலகின் எல்லாக் குளங்களிலும் கற்றுத்தரப்படுகிறது. பசிபிக் தீவுகளின் அறிவும் பழங்குடியினரின் அறிவும் அதில் சேர்ந்திருக்கின்றன. வைஸ்முல்லர் அதைக் கண்டுபிடித்தவர் அல்லர். பலர் சேர்த்து வைத்ததை வாங்கி, நேர்த்தியாக்கியவர்.

போட்டியில்லாத மாதங்கள்

1920ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் ஜானி சிகாகோவின் இல்லினாய் அத்லெட்டிக் கிளப்புக்குச் சென்றார். அங்கே பயிற்றுவிப்பாளராக இருந்தவர் வில்லியம் பாக்ராக். மிகப் பருமனானவர், எந்நேரமும் சுருட்டுப் புகைப்பவர். அவர் பையனை நீந்தச் சொல்லிப் பார்த்தார். நீந்தும் விதம் கரடுமுரடாக இருந்தது. ஆனாலும் ஆள் வேகமாகப் போனான்.

வேறு யாராவது இருந்திருந்தால் அடுத்த வாரமே அவனைப் போட்டியில் இறக்கிப் பதக்கம் பார்த்திருப்பார்கள். பாக்ராக் அப்படிச் செய்யவில்லை. கரடுமுரடான முறையில் இந்த வேகம் என்றால், இதே முறையோடு போனால் இது ஓர் இடத்தில் நின்றுவிடும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. சொல்வதைக் கேள்வி கேட்காமல் செய்ய வேண்டும், தான் அனுமதிக்கும்வரை போட்டியிடக் கூடாது என்று சொல்லித்தான் சேர்த்துக்கொண்டார்.

பிறகு நடந்தது, ஓர் இயந்திரத்தைப் பாகம் பாகமாகக் கழற்றித் துடைத்து மீண்டும் பூட்டுவது போன்ற வேலை. கால் உதைப்பு தனி, கைவீச்சு தனி, மூச்சு தனி. ஒவ்வொன்றும் உடலுக்குப் பழகிய பிறகே அடுத்ததோடு சேர்க்கப்பட்டது. எல்லாவற்றுக்கும் அடிப்படையாகப் பாக்ராக் வலியுறுத்தியது தளர்வு. நீரை இழுக்கும் கைக்கு மட்டும் வேலை. காற்றில் திரும்பி வரும் கைக்கு ஓய்வு. அந்த ஓய்வு ஒரு வினாடிக்கும் குறைவுதான். ஆனால், நூறு மீட்டரில் அது எத்தனையோ முறை வருகிறது. அந்தச் சிறு ஓய்வுகளை வாங்கிக்கொள்ளத் தெரிந்தவன் கடைசி 20 மீட்டரில் மற்றவர்களைப் போல இறுகிப் போகமாட்டான்.

1921 ஆகஸ்ட்டில், 17 வயதில், பாக்ராக் அவரைப் போட்டியில் இறக்கினார். ஜானி வென்றார். அதன்பின் அவரை நிறுத்த ஆளில்லை.

நீரின் கணக்கு

ஏன் முறை இவ்வளவு முக்கியம்? ஓட்டத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் வேகமாக ஓடிவிட முடிகிறதே, நீரில் மட்டும் ஏன் அது நடப்பதில்லை? எனக்கு இயற்பியல் பாடம்தான் பதில் தந்தது.

நீர் காற்றைவிட ஏறக்குறைய 800 மடங்கு அடர்த்தியானது. அதில் நகரும் உடலை அது பின்னுக்குத் தள்ளுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் அந்த எதிர்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகிறது. அதைச் சமாளிக்கத் தேவைப்படும் ஆற்றலோ எட்டு மடங்கு. அதாவது, பலத்தைக் கூட்டிக்கொண்டே போனால் நீர் அதைவிட வேகமாக விலையை ஏற்றிக்கொண்டே போகும். எதிர்ப்பைக் குறைப்பதுதான் மலிவான வழி. உடலை நீர்மட்டத்துக்கு இணையாக நீட்டி வைத்தால் நீர் சந்திக்கும் பரப்பு குறைகிறது. கால்கள் கீழே தொங்கினால் நாம் ஒரு சுவரைத் தள்ளிக்கொண்டு போவது போலத்தான்.

மூச்சிலும் இதே கதைதான். முகம் நீருக்குள் இருக்கும்போது மூச்சை அடக்கி வைத்தால் உடலில் கரியமில வாயு சேர்கிறது. மூச்சுத் திணறும் உணர்வு பெரும்பாலும் அதனால்தான் வருகிறது, காற்றுப் போதாததால் அல்ல. நீருக்குள்ளேயே மெதுவாக மூச்சை விட்டுக்கொண்டு வந்தால், தலையைத் திருப்பும் அந்தக் குறுகிய நேரத்தில் உள்ளிழுக்க மட்டுமே வேலை இருக்கும். எங்கள் வகுப்பில் நான்கு வாரங்களும் நாங்கள் செய்தது கிட்டத்தட்ட இதுதான். மிதவைப் பலகையைப் பிடித்து, முகத்தை நீரில் வைத்து, குமிழி விட்டுக்கொண்டே கால் உதைப்பு. பக்கத்துத் தடத்தில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் சர்ரென்று போய்க்கொண்டிருந்தார்கள்.

ஒன்றைக் குறிப்பிட வேண்டும். வைஸ்முல்லர் நீந்திய விதத்தை அப்படியே இன்று யாரும் கற்றுத்தருவதில்லை. பழைய படச்சுருள்களைப் பார்த்தால், அவருடைய தலையும் நெஞ்சும் நீருக்கு மேலே உயர்ந்து நிற்கின்றன, முதுகு வளைந்திருக்கிறது. தலையை உயர்த்தினால் கால்கள் தாழும் என்பதால், இன்றைய பயிற்றுவிப்பாளர்கள் கண்களைக் குளத்தின் தரையை நோக்கி வைக்கச் சொல்வார்கள். தோள்களையும் இடுப்பையும் பக்கவாட்டில் உருட்டச் சொல்வார்கள். வைஸ்முல்லரின் வலிமையான கால் உதைப்பு அவரை மேலே தாங்கிப் பிடித்தது. நமக்கு அந்தக் கால்கள் இல்லை. ஆனால், மூச்சில் அவசரம் இல்லாமை, காற்றில் கையின் தளர்வு, நீளமான கைவீச்சு ஆகிய மூன்றும் இன்றும் பாடத்தில் இருக்கின்றன.

ஒரு நிமிடத்துக்குள்

1922 ஜூலை 9ஆம் தேதி, கலிஃபோர்னியாவின் அலமீடாவில் வைஸ்முல்லர் 100 மீட்டரை 58.6 வினாடியில் நீந்தினார். அதற்கு முந்தைய உலகச் சாதனை கஹானமோக்குவின் 1 நிமிடம் 0.4 வினாடி. கிட்டத்தட்ட இரண்டு வினாடி வித்தியாசம். நூற்றில் ஒரு பங்கு வினாடிக்காகப் போராடும் இன்றைய போட்டிகளோடு ஒப்பிட்டால் அது எவ்வளவு பெரிய பாய்ச்சல் என்று புரியும். 1924 பிப்ரவரியில் அதையும் 57.4 வினாடியாகக் குறைத்தார். அந்தச் சாதனை பத்தாண்டுகள் நிலைத்தது.

அதே ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக். அமெரிக்க அணியில் செல்ல அமெரிக்கக் குடியுரிமை வேண்டும். பிறந்தது ஐரோப்பாவில் என்பதால் சிக்கல் வரலாம் என்ற அச்சம். விண்ட்பரில் பிறந்த தம்பியின் பிறப்பு விவரங்கள் ஜானியின் பெயருக்கு மாறின. அவர் உண்மையில் எங்கே பிறந்தார் என்பது அவர் காலத்தில் வெளியே தெரியவில்லை. பின்னாளில் வாழ்க்கை வரலாறு எழுதியவர்கள்தான் தோண்டி எடுத்தார்கள். புலம்பெயர்ந்த குடும்பத்துப் பிள்ளை, தன் நாடு என்று நினைத்த நாட்டுக்காக நீந்துவதற்குப் பொய்யான ஊரைச் சுமக்க வேண்டியிருந்தது. அது சரியா என்று நாம் விவாதிக்கலாம். ஆனால், அந்த அச்சம் எப்படிப்பட்டது என்பதைக் குடியேறிகளின் பேரப்பிள்ளைகளான நம்மில் பலரால் உணர முடியும்.

பாரிஸில் முதன்முறையாக ஒலிம்பிக் நீச்சல் 50 மீட்டர் குளத்தில், தடங்கள் பிரிக்கப்பட்டு நடந்தது. 100 மீட்டர் இறுதிச் சுற்றில் வைஸ்முல்லருக்கு எதிரே நின்றவர்களில் ஒருவர் கஹானமோக்கு. 34 வயதை நெருங்கிக்கொண்டிருந்த ஜாம்பவான். இன்னொருவர் கஹானமோக்குவின் தம்பி சாமுவேல். வைஸ்முல்லர் 59.0 வினாடியில் முதலாவதாக வந்தார். டியூக் வெள்ளி, சாமுவேல் வெண்கலம். 400 மீட்டரில் சுவீடனின் ஆர்னே போர்க்கும் ஆஸ்திரேலியாவின் இளம் வீரர் ஆண்ட்ரூ சார்ல்ட்டனும் கடும் போட்டி கொடுத்தார்கள். 5 நிமிடம் 4.2 வினாடியில் அதையும் வைஸ்முல்லர் வென்றார். நால்வர் தொடர் நீச்சலில் மூன்றாவது தங்கம். நீர்ப்பந்து அணியிலும் ஆடி ஒரு வெண்கலம் பெற்றார்.

நான்கு ஆண்டுகள் கழித்து ஆம்ஸ்டர்டாமில் 100 மீட்டரிலும் தொடர் நீச்சலிலும் மேலும் இரண்டு தங்கம். அந்த 100 மீட்டரின் நேரம் 58.6 வினாடி.

அதே ஏரி, இரண்டு ஜூலைகள்

பதக்கங்களை விட என் மனத்தில் அதிகம் நிற்பது 1927 ஜூலை 28ஆம் தேதி. ஜானியும் தம்பி பீட்டரும் ஒரு நெடுந்தூர நீச்சல் போட்டிக்காக மிச்சிகன் ஏரியில் பயிற்சி செய்துகொண்டிருந்தனர். ஃபேவரிட் என்ற உல்லாசப் படகு, பெரும்பாலும் பெண்களையும் குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு ஏரியில் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று வீசிய புயற்காற்றில் படகு கவிழ்ந்தது. சகோதரர்கள் இருவரும் விரைந்து சென்று மீண்டும் மீண்டும் நீரில் மூழ்கி ஆட்களை இழுத்து வந்தனர். அவர்கள் கைகளால் 11 பேர் உயிர் பிழைத்தனர். 27 பேர் இறந்துபோயினர்.

நீரில் வைத்து ஒருவரைக் காப்பாற்றுவது திரைப்படத்தில் வருவதுபோல் எளிதல்ல. பதற்றத்தில் இருப்பவர் காப்பாற்ற வந்தவரையே பிடித்து அழுத்திவிடுவார். பயிற்சியில்லாதவர்கள் நீரில் குதிக்காமல் மிதவையையோ கயிற்றையோ வீச வேண்டும் என்று நமக்குப் பள்ளியில் சொல்லித்தருவதன் காரணம் இதுதான். அடுத்தடுத்து மூழ்கி எழ, மூச்சு கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். உடல் இறுகாமல் இருக்க வேண்டும். குளத்தில் மாதக்கணக்கில் பழகிய அந்தத் தளர்வுக்கு, அன்று ஏரியில் பதக்கத்தைவிடப் பெரிய வேலை இருந்தது.

அதே ஏரியில், சரியாக எட்டு ஆண்டுகளும் ஒரு நாளும் முன்பு, வேறொன்று நடந்தது. 1919 ஜூலை 27. யூஜீன் வில்லியம்ஸ் என்ற 17 வயதுக் கறுப்பினச் சிறுவர் நண்பர்களோடு ஒரு கட்டுமரத்தில் மிதந்துகொண்டிருந்தார். கறுப்பர்கள் குளிக்கும் கரைக்கும் வெள்ளையர்கள் குளிக்கும் கரைக்கும் இடையே நீரில் ஓர் எல்லை இருப்பதாகச் சிலர் வைத்திருந்தனர். யாரும் வரையாத கோடு அது. கட்டுமரம் அதைத் தாண்டியபோது கரையிலிருந்து ஒருவர் கல்லெறிந்தார். யூஜீன் நீரில் மூழ்கி இறந்தார். அதையடுத்து சிகாகோவில் வெடித்த இனக் கலவரத்தில் 38 பேர் மாண்டனர்.

அப்போது ஜானிக்கு 15 வயது. அதே ஏரியின் வேறொரு கரையில் நீந்தும் பையன். அவன் ஏழைதான், குடியேறிதான். ஆனாலும், அடுத்த ஆண்டே ஒரு கிளப்பின் கதவு அவனுக்குத் திறந்தது. யூஜீனைப் போன்றவர்களுக்கு அன்று அப்படிப்பட்ட கதவுகள் திறந்ததில்லை. வைஸ்முல்லரின் உழைப்பை இது சிறிதும் குறைக்கவில்லை. ஆனால், திறமையும் பொறுமையும் மட்டும் ஒருவரைக் கரை சேர்த்துவிடும் என்று நாம் சொல்லும்போது, முதலில் அவரை நீரில் இறங்க விட்டார்களா என்றும் கேட்டாக வேண்டும்.

திரையும் அதன் பிறகும்

1929ல் வைஸ்முல்லர் போட்டி நீச்சலிலிருந்து விலகினார். அந்தக் காலத்தில் ஒலிம்பிக் வீரர்கள் விளையாட்டால் பணம் ஈட்டக்கூடாது. அவர் ஒரு நீச்சலுடை நிறுவனத்தின் விளம்பர முகமானார். 1930ல் கிரால் நீச்சலைப் பற்றி ஒரு நூலும் எழுதினார். வேகத்தைத் துரத்தாமல் நீந்தும் வடிவத்தைக் கவனிக்க வேண்டும் என்பதே அதன் சாரம்.

1932ல் அவர் நடித்த முதல் டார்சான் படம் வெளிவந்தது. 1948 வரை மொத்தம் 12 டார்சான் படங்கள். உலகமே அவரை அறிந்துகொண்டது. ஆப்பிரிக்காவைக் காடாகவும், அதன் மக்களை ஒரு வெள்ளை நாயகனுக்குப் பின்னணியாகவும் காட்டிய அந்தப் படங்களை இன்று நாம் அதே வியப்போடு பார்க்க முடியாது. ஆனால், அவற்றில் அவர் நீந்தும் காட்சிகளை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால், ஒரு பயிற்றுவிப்பாளர் மாதக்கணக்கில் செதுக்கிய உடல் அங்கே தெரிகிறது.

முதுமை அவருக்கு எளிதாக அமையவில்லை. ஐந்து முறை திருமணம் செய்தார். 1974ல் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. 1977ல் அடுத்தடுத்துப் பக்கவாதம் தாக்கியது. 1984 ஜனவரி 20ஆம் தேதி, மெக்சிகோவின் அக்கபுல்கோ நகரில் தமது 79வது வயதில் காலமானார். அவருடைய கடைசி டார்சான் படம் எடுக்கப்பட்ட கடற்கரை நகரம் அது.

எஞ்சி நிற்பது

பாரிஸில் அவர் 59.0 வினாடியில் தங்கம் வென்று சரியாக நூறு ஆண்டுகள் கழித்து, 2024ல், அதே பாரிஸ் நகரில் சீனாவின் பான் ஜான்லே 46.40 வினாடியில் 100 மீட்டரை நீந்தி உலகச் சாதனை படைத்தார். இன்றைய இறுதிச் சுற்றில் வைஸ்முல்லரின் நேரத்துக்கு இடமே இல்லை. அவர் தலையை வைத்திருந்த விதமும் மாறிவிட்டது. சுவரில் திரும்பும் முறை, குதிக்கும் மேடை, கண்ணாடி, உடை என எல்லாம் மாறிவிட்டன.

மாறாதது வரிசை. முதலில் மிதப்பு, பிறகு மூச்சு, பிறகு கால், பிறகு கை, கடைசியில் வேகம். எங்கள் வகுப்பு முடிந்தபோது நான் ஒன்றும் வேக நீச்சல் வீரராகிவிடவில்லை. ஆனால், 50 மீட்டருக்கு 60ஐத் தாண்டியிருந்த என் கைவீச்சு 48க்கு இறங்கியிருந்தது. மறுகரையைத் தொட்டதும் பேச முடிந்தது. நீந்தத் தெரிந்தவர்களுக்கு இது ஒரு சிறிய கணக்கு. எனக்கு, என் பாடங்களை நான் படிக்கும் விதத்தையே யோசிக்க வைத்த கணக்கு. புரியாத ஒரு பகுதியை விட்டுவிட்டு அடுத்த பாடத்துக்கு ஓடுவதும், கால்களைத் தொங்கவிட்டுக்கொண்டு கைகளை வேகமாக வீசுவதும் ஒன்றுதான். தேர்வு நெருங்கும்போது அந்த எதிர்ப்பு நான்கு மடங்காகத் திரும்பி வரும்.

நீங்கள் கிரால் கற்க நினைத்தால் கடிகாரத்தைச் சில வாரங்களுக்குப் பையிலேயே வைத்துவிடுங்கள். ஒரு பயிற்றுவிப்பாளரோ நன்கு நீந்தத் தெரிந்த நண்பரோ கரையிலிருந்து உங்களைப் பார்க்கட்டும். நாம் நீந்துவது நமக்கே தெரியாது. ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு எத்தனை முறை கை வீசுகிறீர்கள் என்று மட்டும் எண்ணுங்கள். அந்த எண்ணிக்கை குறையத் தொடங்கும்போது வேகம் தானாக வரும்.

நம் குடியிருப்புப் பேட்டைகளுக்கு அருகில் பொது நீச்சல் வளாகங்கள் இருக்கின்றன. எந்த இனத்தவரும் சிறு கட்டணத்தில் உள்ளே போகலாம். தண்ணீரின் நடுவே யாரும் கோடு போட்டு வைத்திருக்கவில்லை. யூஜீனுக்கு மறுக்கப்பட்டதும், ஜானி பத்து மாதம் பொறுத்திருந்து பெற்றதும் நமக்கு ஒரு பேருந்துப் பயணத் தூரத்தில் இருக்கின்றன. இந்தப் பள்ளி விடுமுறையில் ஒருமுறை போய்ப் பாருங்கள். முதல் நாள் குமிழி மட்டும் விட்டுவிட்டு வந்தாலும் போதும்.